41 வாய்தாக்களுக்குப் பிறகு ஓர் உத்தரவு: உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

கடந்த மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், என் தடை நீக்க மனுவில் உத்தரவு சொல்லப்பட்டது. அதைக் கேட்டு வெளியே வந்தபோது ஒருவரிடமும் முறையாக நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2021 நவம்பரில் எங்கள் வீட்டின் பின்புறம் ஓர் அறை கட்டத் தொடங்கினோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழுந்தபோது பக்கத்து மனைக்காரர் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது நாங்கள் கட்டக்கூடாது என்ற நிரந்தரத் தடை, கேட்டு வழக்குப் போட்டார். எங்கள் தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்காலத் தடையும் கிடைத்துவிட்டது. தடையை நீக்கக் கோரி நாங்கள் போட்ட மனு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. இரண்டாம் ஆண்டில் எங்கள் வழக்கறிஞர் காலமானார். வேறொருவரை அமர்த்தும் வசதி, அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு இல்லை. நானே நேரில் ஆஜராகத் தொடங்கினேன்.

முதல் நன்றி அந்த வழக்கறிஞரின் துணைவியாருக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்திலேயே, அலமாரி முழுவதும் தேடி எங்கள் வழக்குக் கட்டை ஒரு தாள்கூடக் குறையாமல் எடுத்துக் கொடுத்தீர்கள். "அவர் இருந்திருந்தால் முடித்திருப்பார்" என்று மட்டும் சொன்னீர்கள். அந்தக் கட்டுதான் எனக்குக் கடைசிவரை ஆதாரமாக இருந்தது.

அடுத்தவர், நீதிமன்ற வளாகத்துப் புங்கமரத்தடியில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஐயா. "தடை கொடுத்து எத்தனை நாளாகிறது அம்மா?" என்று கேட்டீர்கள். மூன்று வருடம் என்றேன். "நாளில் சொல்லுங்கள்" என்றீர்கள். இருவரும் விரல்விட்டு எண்ணினோம், ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு என் பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் 'கட்டளை 39, விதி 3ஏ' என்று எழுதிக் கொடுத்தீர்கள். மறுதரப்புக்கு அறிவிப்பு இல்லாமல் தடை கொடுத்தால், தடை கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அந்த மனுவை முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும், முடியாவிட்டால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் அந்த விதி. அந்தக் கெடுவில் முடிக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடே செய்யலாம் என்று வெங்கடசுப்பையா நாயுடு எதிர் செல்லப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருப்பதையும், அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு என்பதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். அதுவரை தாமதம் என்பது மழை, வெயிலைப் போல நாம் பொறுத்துப் போகவேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தேன். அதற்கும் ஒரு விதி இருக்கிறது, கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அந்த விதியைக் காட்டி, விசாரித்து முடிக்கக் கேட்டு நானே ஒரு மனு எழுதத் தொடங்கினேன்.

நகல் பிரிவில் இருக்கும் தங்கைக்கு என் நன்றி. 41 வாய்தாக்களிலும் நீதிமன்றம் எழுதிய நாட்குறிப்புக்குச் சான்றிட்ட நகல் கேட்டபோது முகம் சுளிக்காமல், நகல் மனுவில் விடுபட்டிருந்த எண்ணையும் நிரப்பச் சொல்லித் தந்தீர்கள். அத்தனை நகல்களிலும் தேடினேன். இன்ன காரணத்தால் 30 நாளில் முடிக்க இயலவில்லை என்ற ஒரு வரி எதிலும் இல்லை. என் மனுவின் உயிரே அதுதான்.

வாசலில் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் அக்காவை எப்படி மறப்பேன்? நான்கு பக்கம் எழுதி எடுத்துப் போனேன். பட்ட அவமானம், கரைந்த சேமிப்பு, மழையில் நனைந்து வீணான சிமெண்ட் மூட்டைகள், எல்லாம் அதில் இருந்தன. நீங்கள் முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "வேதனையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. மனுவில் தேதிகளை எழுதுவோம்" என்றீர்கள். நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. தாளுக்கு மட்டும் காசு வாங்கினீர்கள்.

பிரமாணப் பத்திரத்தில் கட்டணமின்றிச் சான்றொப்பமிட்ட இளம் வழக்கறிஞருக்கும், வரைவைப் படித்துப் பார்த்த வட்ட சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலருக்கும் நன்றி. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்வதை அவர் மூலம்தான் அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வருட அலைச்சல் குறைந்திருக்கும். தேவைப்படும் சகோதரிகள் 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தன் கடமையைச் செய்த நீதிபதிக்கு நன்றி சொல்வது முறையாகாது என்று நினைக்கிறேன். ஆனால் என் முறை வந்து குரல் நடுங்கியபோது, "நிதானமாகச் சொல்லுங்கள், நேரம் இருக்கிறது" என்று அவர் தமிழில் சொன்னதை மறைக்கவும் மனம் இல்லை. இரண்டு நாள் இருதரப்பும் கேட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் என்னிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்.

உத்தரவு முழுவதும் என் பக்கம் இல்லை. பட்டாவில் உள்ள எங்கள் இடத்துக்குள் கட்டிக்கொள்ளலாம். இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள மூன்றடி அகலச் சந்துப் பகுதியை, பக்கத்து மனைக்காரர் போட்ட அசல் வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது. இதை மனதார ஏற்கிறேன். எங்கள் இருவரையும் கேட்டு, காரணம் எழுதி, கையெழுத்திட்ட உத்தரவு அது.

கொத்தனார் போன வாரம் வந்து, பாசி படிந்த மேல்வரிசைச் செங்கற்களைப் பெயர்த்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார். அசல் வழக்குக்கு ஜூன் மாதம் வாய்தா. அன்று மதியம் அதே புங்கமரத்தடியில் இருப்பேன். மனுவின் மாதிரி தேவைப்படுபவர்கள் வாருங்கள். என் நகலைத் தருகிறேன், படி எடுத்துக்கொள்ளலாம்.