கிராமி குழுவினருக்கு: அட்டைக்கு விருது தந்தீர்கள், ஆல்பத்துக்கு எப்போது?

கிராமி விருதுகளுக்கு விதி வகுக்கும் ரெக்கார்டிங் அகாடமியின் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

2026 விழாவுக்கு இரண்டு புது விருதுகளைச் சேர்த்திருக்கிறீர்கள். ஒன்று பாரம்பரிய கன்ட்ரி ஆல்பத்துக்கு, மற்றது ஆல்பத்தின் அட்டைப்படத்துக்கு. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். அட்டை விஷயத்தில் மெட்டல்காரர்களை, அதாவது ஹெவி மெட்டல் என்னும் முரட்டு ராக் இசைக்காரர்களை, மிஞ்ச ஆள் கிடையாது. டூல் குழுவின் ‘10,000 டேஸ்’ 2007-லேயே உறை வடிவமைப்புக்காக உங்களிடம் விருது வாங்கியிருக்கிறது. ஆக, ஒரு மெட்டல் ஆல்பத்தின் உறைக்கு விருது உண்டு, இனி அட்டைக்கும் உண்டு. உள்ளே இருக்கும் இசைக்கு, மெட்டல் என்ற பெயரில், முழு ஆல்பமாக விருது கிடையாது. அதிலிருந்து ஒரு பாட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் பரிசீலிப்பீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: மெட்டலுக்கென்று ஓர் ஆல்பம் விருது வேண்டும்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். 1989-இல் மெட்டாலிகா குழு மேடையேறி வாசித்த அதே இரவில் ஹார்ட் ராக்/மெட்டல் விருது, மெட்டலே வாசிக்காத ஜெத்ரோ டல் குழுவுக்குப் போனதை இத்தனை வருடமாகச் சொல்லிக்காட்டிவிட்டோம். கேட்டுக் கேட்டு உங்களுக்கும் சலித்திருக்கும். நான் நினைவூட்ட வருவது வேறு. அந்தப் போட்டியில் மெட்டாலிகா நின்றது ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ என்ற முழு ஆல்பத்தோடு. ஜெத்ரோ டல் வென்றதும் முழு ஆல்பத்தோடுதான். 1992-இல் மெட்டல் பிரிவுக்கு வந்த ஐந்தில் நான்கு பாட்டல்ல, ஆல்பங்கள். மோட்டர்ஹெட்டின் ‘1916’, சவுண்ட்கார்டனின் ‘பேட்மோட்டர்ஃபிங்கர்’, ஆந்த்ராக்ஸின் ஒன்று, கடைசியில் வென்ற மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பம். அந்த நான்கையும் உட்கார்ந்து கேட்ட அகாடமி இதே அகாடமிதானே? நான் புதுச் சலுகை எதுவும் கேட்கவில்லை. உங்கள் கையில் இருந்து நழுவிப்போனதை எடுத்து மறுபடி மேசையில் வைக்கச் சொல்கிறேன்.

இப்போது மெட்டல் பிரிவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2025 பிப்ரவரி 2 அன்று நடந்த விழாவில் கொஜிராவுக்குக் கொடுத்தீர்கள். கொஜிரா அருமையான குழு, எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் எதற்குக் கொடுத்தீர்கள்? பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், பழைய சிறைக்கோட்டையின் சுவரில் நின்று, ஓபரா பாடகி மரினா வியோட்டியோடு வாசித்த ஒரு பாட்டுக்கு. பிரெஞ்சுப் புரட்சிக்காலப் பாட்டு, தலை துண்டான அரசி, நெருப்பு, சிவப்புப் புகை, உலகமே தொலைக்காட்சி முன்னால். அன்று இரவு நானும் கைதட்டினேன். அந்த ஆண்டு வெளிவந்த மெட்டலின் உச்சம் அதுதான் என்று சொல்ல எந்த மெட்டல் ரசிகனுக்கும் வாய் வராது. அதே பட்டியலில் மெட்டாலிகாவின் ஒரு பாட்டும் இருந்தது. அது 2023 ஏப்ரலில் வந்த ஆல்பத்தின் பாட்டு. முந்தைய விழாவில் அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டுக்கு விருதும் கொடுத்தாயிற்று. ஒரே ஆல்பத்தை இரண்டு விழாவுக்கு இரண்டு பாட்டாகக் கேட்கப் பொறுமை இருக்கிறது. ஒரே விழாவில் முழுசாகக் கேட்க மட்டும் நேரமில்லை.

ஒரு கேட்பவனாக 2024-இல் என் காதில் தங்கியவற்றைச் சொல்கிறேன், சிக்கல் எங்கே என்று உங்களுக்கே புரியும்.

ஓபெத் குழுவின் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ நவம்பரில் வந்தது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம். ஒரு பணக்காரக் குடும்பத் தலைவர் இறந்துபோகிறார், பிள்ளைகளைக் கூட்டிவைத்து உயில் வாசிக்கிறார்கள். ஆல்பம் அதுதான். முதல் ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்திகளைப்போல் வெறும் எண்கள். எட்டாவதற்கு மட்டும்தான் தலைப்பு. குழுவின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் 2008-க்குப் பிறகு எந்த ஆல்பத்திலும் உறுமியதில்லை. பதினாறு வருடம் கழித்து இதில் உறுமுகிறார். செத்துப்போன தகப்பன் பேசும் இடத்தில் அந்தக் குரல் வருவதால்தான் அது நடுக்குகிறது. தனியாக வெட்டி எடுத்துக் கேட்டால் வெறும் உறுமல். இதில் எந்தப் பத்தியை அனுப்பச் சொல்கிறீர்கள்? உயிலின் மூன்றாம் பத்தியை மட்டும் படித்துவிட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதைப்போல் இருக்கிறது உங்கள் விதி.

இன்னொன்று. இந்த ஆல்பத்தில் பேசியும் குழல் ஊதியும் போகும் விருந்தாளி யார் தெரியுமா? ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன். 1989-இல் மெட்டல் இல்லாதபோது அவருக்கு மெட்டல் விருது கிடைத்தது. இப்போது நிஜமாகவே ஒரு மெட்டல் ஆல்பத்துக்குள் வந்து ஊதியிருக்கிறார், அந்த ஆல்பத்துக்கு உங்கள் மெட்டல் பிரிவில் இடம் கிடையாது. இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகையென்று சொல்லியிருப்பார்கள்.

சூமாக் குழுவின் ‘தி ஹீலர்’ ஜூனில் வந்தது. நான்கே டிராக், 76 நிமிடம். முதல் டிராக் மட்டுமே சுமார் 25 நிமிடம் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி பாட்டு என்று சொல்லும்படியாகவே இருக்காது. கிதார் முனகும், டிரம்ஸ் எங்கோ தடுமாறும், ஏதோ இடிந்து விழப்போகிறது என்று காத்திருப்போம். இடி விழும்போது காத்திருந்த நேரம் முழுவதும் அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். இதில் தனிப்பாட்டாக வெளியிடும் சிங்கிள் எது? யூனிஃபார்ம் குழுவின் ‘அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்’ ஆகஸ்டில் வந்தது, 2025 விழாவுக்கான உங்கள் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது. தலைப்புப் பாட்டு மட்டுமே 21 நிமிடம். சாப்பிட்டதை வாந்தியெடுக்க வைக்கும் உணவுக் கோளாறோடு பல வருடம் வாழ்ந்த பாடகர் மைக்கேல் பெர்டான், எடுத்த எடுப்பில் வாத்தியம் எதுவும் இல்லாமல் தனியாகக் கத்துகிறார். அந்த முதல் நிமிடத்தைத் தாண்ட எனக்கே தெம்பு தேவைப்பட்டது. வாக்களிக்கும் உறுப்பினர்களில் எத்தனை பேர் தாண்டியிருப்பார்கள் என்று கேட்பது மரியாதைக்குறைவாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

முதலிடம் எதற்கு என்றால், பிளட் இன்கான்டேஷனின் ‘அப்சொல்யூட் எல்ஸ்வேர்’. டென்வர் ஊர்க்காரர்கள், பெர்லினின் ஹன்சா ஸ்டூடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். சுமார் 43 நிமிடத்துக்கு இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று பகுதியாக. நல்ல முரட்டு டெத் மெட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரை விலகிக்கொள்ள, டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மானிய மின்னிசைக் குழுவின் தோர்ஸ்டன் குவாஷ்னிங் சின்தசைசரோடு உள்ளே வருகிறார். அறுபது கடந்தவர்களுக்கும் பதினாறு வயதுப் பையன்களுக்கும் ஒன்றாகப் போட்டுக் காட்டலாம். ஒரான்சி பசூசு குழுவின் ‘மூன்டௌட்டுயா’ இதற்கு அடுத்து. ஃபின்னிஷ் மொழியில் ஒரு சொல் புரியாமலே பல இரவுகள் கேட்டிருக்கிறேன். அல்சரேட், தௌ குழுக்கள் இரண்டும் ஏமாற்றவில்லை. சாட் பைல் குழுவின் ஆல்பம் நன்றாகத்தான் இருந்தது, முதல் ஆல்பம் அளவுக்கு என்னை அடிக்கவில்லை.

காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர் குழுவையும் சொல்லியாக வேண்டும், மெட்டல் இல்லை என்றாலும். பாடலே இல்லாத இசை. ஆல்பத்துக்குத் தலைப்பு வைக்கவில்லை. 2024 பிப்ரவரி 13 வரை காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கையான 28,340 என்பதைத்தான் அட்டையில் எழுதினார்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதையே 2009-லிருந்து வாதாடிக்கொண்டிருக்கும் மொழி என்னுடையது. அந்த எண்ணைக் கடந்துபோக முடியவில்லை. கவலைப்படாதீர்கள், இவர்களுக்கு விருது கேட்கவில்லை. 2013-இல் கனடாவின் போலாரிஸ் பரிசு கிடைத்தபோதே அந்தப் பகட்டு விருந்தைக் கண்டித்து அறிக்கை விட்டவர்கள். நீங்கள் கொடுத்தாலும் வாங்க வரமாட்டார்கள்.

பாட்டை வைத்தே எல்லாவற்றையும் அளக்கும் இந்த வியாதி உங்களோடு நிற்கவில்லை என்பதும் தெரியும். இசைச் செயலிகளில் முப்பது வினாடி கேட்டாலும் ஒன்று, இருபது நிமிடம் கேட்டாலும் அதே ஒன்று. வருடக் கடைசியில் ‘நீங்கள் அதிகம் கேட்டவை’ என்று செயலி எனக்கு அனுப்பிய பட்டியலில் அக்கா மகளுக்குச் சோறூட்டப் போட்ட ஆனைப் பாட்டு முதலிடம். பிளட் இன்கான்டேஷனைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். காசும் அந்தக் கணக்கில்தானே போகிறது? அதனால் நீளமாக எழுதுகிறவன் ஏமாளி, இரண்டு நிமிடத்தில் முடிக்கிறவன் கெட்டிக்காரன். வியாபாரிகள் அப்படித்தான் இருப்பார்கள். கலைக்கான அகாடமி என்று பெயர் வைத்துக்கொண்டவர்களிடம்தான் கொஞ்சம் அதிகமாக எதிர்பார்க்கிறோம்.

பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்துக்கு வருகிறேன்.

‘மெட்டல் ஆல்பங்களை ராக் ஆல்பம் பிரிவுக்கு அனுப்பலாமே’ என்பீர்கள். விதியில் அப்படி இருக்கிறது, மறுக்கவில்லை. மாஸ்டொடன், மெட்டாலிகா போன்ற பெயர்களுக்கு அந்தக் கதவு எப்போதாவது திறந்திருக்கிறது. 2025-இல் அங்கே வென்றது ரோலிங் ஸ்டோன்ஸ். அறுபது வருடப் புகழோடு வருகிறவர்கள் பக்கத்தில், மூன்று பேர் சேர்ந்து 76 நிமிடம் இடித்த ஆல்பத்தை வைத்து வாக்குக் கேட்கச் சொல்வது அழைப்பா, அனுப்பிவைப்பா?

பொல்கா என்ற நடன இசைக்குப் பல வருடம் தனி ஆல்பம் விருது கொடுத்தவர்கள் நீங்கள். ஜாஸுக்கு ஒன்றல்ல, பல ஆல்பம் விருதுகள். ரெக்கேவுக்கு உண்டு, நகைச்சுவைக்கு உண்டு, ஒலிநூலுக்கு உண்டு. 2025 விழாவில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு ஒலிநூல் விருது கொடுத்தபோது ஏதோ ஒரு அத்தியாயத்துக்கா கொடுத்தீர்கள்? அதே விழாவில் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன் ‘திரிவேணி’க்காக வாங்கினார்; அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் செல்வகணேஷின் கஞ்சிராவோடு சக்தி குழு வாங்கியது. இங்கே எல்லாருக்கும் பெருமை, எனக்கும்தான். இரண்டுமே முழு ஆல்பத்துக்கான விருதுகள். அமைதி தரும் இசையை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறீர்கள். அமைதியைக் கெடுக்கும் இசைக்கும் அந்த மரியாதை வேண்டும் என்பது அதிகப்படியான ஆசையா?

விதிப்புத்தகத்தில் பெரிய வேலையும் இல்லை. ஆல்பம் எது என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்: ஐந்து டிராக்கும் 15 நிமிடமும் இருக்க வேண்டும், அல்லது மொத்தம் 30 நிமிடம் ஓட வேண்டும், அப்போது எத்தனை டிராக் என்ற கேள்வி இல்லை. பத்து டிராக்கை 27 நிமிடத்தில் அடித்து நொறுக்கும் நாக்ட் லூஸ் குழுவினர் முதல் கணக்கில் வருவார்கள். நான்கு டிராக்கோடு சூமாக், இரண்டோடு பிளட் இன்கான்டேஷன், இரண்டாம் கணக்கில். எங்களுக்காகத் தனி விதி எழுத வேண்டாம், இருக்கும் விதியே போதும்.

ஆகவே, அடுத்த முறை பிரிவுகளைத் திருத்தக் கூடும்போது ‘சிறந்த மெட்டல் ஆல்பம்’ என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போதுள்ள மெட்டல் பாட்டு விருதை எடுத்துவிட்டு அல்ல, அதன் பக்கத்தில். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: 2012-இல் மெட்டலை ஹார்ட் ராக்கோடு சேர்த்துக் கட்டி, பிறகு 2014-இல் மெட்டலை மட்டும் பிரித்தெடுத்தபோது, ஹார்ட் ராக் விருது காணாமலே போய்விட்டது. எங்கள் விஷயத்தில் கூட்டல் மட்டும் செய்யுங்கள், போதும்.

நன்றி.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு மெட்டல் ரசிகன்