ஞாயிறு காலை கடிகாரம் பார்க்க வாங்க

வணக்கம் நண்பர்களே. சூரிச்சிலிருந்து வந்திருக்கும் நம் செட் நண்பர் தன் ஐடபிள்யூசி (சுவிஸ் கடிகார நிறுவனம்) டா வின்சி கைக்கடிகாரத்தை நமக்குக் காட்டுகிறார்.

வரும் ஞாயிறு காலை 8 மணி, கே.கே.நகர், என் வீட்டு மொட்டைமாடி.

1985-இல் வந்த மாடல், இதன் நாட்காட்டி அமைப்பை வடிவமைத்தவர் குர்ட் க்ளவுஸ். தேதி, கிழமை, மாதம், நிலாவின் பிறை எல்லாம் காட்டும். ஆண்டுக்கு நான்கு இலக்கம்! லீப் வருடத்தையும் அதுவே கணக்கில் கொள்ளும். 2100 லீப் வருடம் இல்லை, அப்போது கையால் திருத்த வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை.

1. கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள சாவித் திருகைத் தொடவே கூடாது. தேதியை முன்னால்தான் நகர்த்த முடியும், பின்னால் வராது. ஒரு நாள் தாண்டினால் கடிகாரத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.
2. போனை ஒட்டி வைக்க வேண்டாம், காந்தம் ஆகாது.
3. ஃபிளாஷ் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு விழும். கறுப்புச் சட்டை போட்டு வந்தால் பிரதிபலிப்பு குறையும்.
4. படம் எடுத்த பிறகுதான் ஜிகர்தண்டா. பிசுபிசுத்த கையோடு யாரும் கிட்டே வரக்கூடாது.
5. குழந்தைகள் வரலாம், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், படங்களில் அவர் முகமோ வீட்டு எண்ணோ தெரிய வேண்டாம்.

வருபவர்கள் எத்தனை பேர் என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். இட்லி சொல்லணும்.