ஆண்டறிக்கை 2024–25: நிலவியலாளர் வருமானமும் வேலூர்ச் செலவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் நிலவியலாளர் சங்கத்தின் செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிக நேரம் உட்கார்ந்து பேசியது ஒரே விஷயத்தைத்தான்: நிலவியல் படித்தவர் கைக்கு வரும் பணத்தில் இந்த ஊரில் மாதம் ஓடுகிறதா? வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளும் இதையே கேட்பதால், கணக்கைப் பிரித்தே எழுதுகிறேன்.

யுபிஎஸ்சி நிலவியலாளர் தேர்வு எழுதி ஒன்றிய அரசில் சேர்பவருக்கு ஊதிய நிலை 10. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அகவிலைப்படி, 2025 ஜனவரி முதல் ஜூன் வரை இருந்த 55 சதவீதக் கணக்கில், 30,855. இதுவரை எந்த ஊரானாலும் ஒன்றுதான். வீட்டு வாடகைப்படியில்தான் ஊர் பிரிகிறது: மக்கள்தொகையைப் பார்த்து ஊர்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை எக்ஸ் பிரிவு, 30 சதவீதம், 16,830 ரூபாய். வேலூர் இசட் பிரிவு, 10 சதவீதம், 5,610 ரூபாய். போக்குவரத்துப்படி அகவிலைப்படியோடு சேர்த்துச் சென்னையில் 11,160, இங்கே 5,580. கூட்டினால் அங்கே 1,14,945, இங்கே 98,145. மாதம் 16,800 ரூபாய் வித்தியாசம். ஓய்வூதியப் பங்காக 8,696 ரூபாய் இரண்டு இடத்திலும் பிடிப்பார்கள்.

20 சதவீதம் தரும் ஒய் பிரிவுக்கு மக்கள்தொகை ஐந்து லட்சம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் வேலூரும் அதை ஒட்டிய நகரப் பகுதிகளும் சேர்ந்தும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. அதன்பிறகு புதிய கணக்கெடுப்பின் முடிவு வராததால் பழைய பிரிவே நீடிக்கிறது. வாடகை மட்டும் அப்படி நிற்கவில்லை. சிஎம்சிக்கு வரும் நோயாளிகளின் குடும்பங்களும் விஐடி மாணவர்களும் தேடும் அதே தெருக்களில்தான் நாமும் வீடு தேடுகிறோம். 5,610 ரூபாயை வைத்துக்கொண்டு காட்பாடி காந்திநகரில் இரண்டு படுக்கையறை வீடு கேட்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பணியிடம் தேர்வு செய்யும்போது சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் ஊர்ப் பிரிவைப் பாருங்கள் என்று இளையவர்களுக்குச் சொல்கிறோம். வெளியூரில் கள ஆய்வு முகாம் போடும் நாட்களில் குடும்பம் ஒரு வீடு, தான் ஓர் அறை என்று இரட்டைச் செலவு ஆவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி நிலவியலாளர் ஆகிறவருக்கு மாநில அரசின் ஊதிய நிலை 20, தொடக்க அடிப்படைச் சம்பளம் 37,700. அகவிலைப்படி 55 சதவீதம் என்றால் 20,735 சேர்ந்து 58,435. மாநில அரசின் வாடகைப்படி சதவீதம் அல்ல, ரூபாய்த் தொகை. அகவிலைப்படி ஏறும்போது அது கூடவே ஏறாது.

அகவிலைப்படியே விலைவாசியை ஈடுகட்டாதா என்று சிலர் கேட்டார்கள். அது தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் 12 மாதச் சராசரியில் கணக்கிடப்படுவது. 88 மையங்களின் விலையைச் சேர்த்த அகில இந்தியக் குறியீடு அது. அதில் நூற்றுக்கு உணவுக்கு 39.17, வீட்டுக்கு 16.87 பங்கு. சம்பளத்தில் பாதி வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும் வீட்டின் சுமை அதில் முழுதாகத் தெரியாது. எட்டாவது ஊதியக் குழு அமைக்க 2025 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பிரிவு பற்றிய நம் கோரிக்கையை அங்கே அனுப்ப வேண்டும்.

இனி, நம்மில் பெரும்பாலோரின் பிழைப்பான போர்வெல் பாயிண்ட் பார்க்கும் வேலை: நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி மின்தடையை அளந்து, அது குறையும் இடத்தை வைத்து நீர் இருக்குமிடம் சொல்வது. செயற்குழு போட்ட மாதிரிக் கணக்கு இது. ஒரு நாள் வண்டி 2,500. கம்பி இழுக்க மூன்று ஆட்கள் 2,400. நான்கு பேர் சாப்பாடு 500. உப்பு, தண்ணீர், பேட்டரி சார்ஜ் 200. 1,80,000 ரூபாய் மின்தடை மீட்டர் ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 100 நாள் உழைத்தால் தேய்மானம் நாளுக்கு 360. மொத்தம் 5,960. பாயிண்டுக்கு 3,000 வீதம் மூன்று பாயிண்ட் பார்த்தால் 9,000. மிச்சம் 3,040. அதற்கு மறுநாள் முழுதும் வரைபடம் போட்டு அறிக்கை எழுத வேண்டும். 100 களநாளுக்கு ஆண்டு வருமானம் 3,04,000, மாதம் 25,333. ‘ஒரே நாளில் ஒன்பதாயிரம் சம்பாதிக்கிறார்’ என்று வெளியே பேசிக்கொள்ளும் தொழிலின் உள்கணக்கு இதுதான்.

இந்த மிச்சத்தையும் கரைப்பது மறுபயணம். ஒருமுறை திரும்பப் போனால் 5,960, அதாவது கிட்டத்தட்ட இரண்டு களநாளின் மிச்சம் போய்விடும். காரணங்கள் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. கோடையில் காய்ந்த மண்ணில் மின்னோட்டம் செலுத்தும் முளையை அடித்து அப்படியே அளந்தால் மின்னோட்டம் போதாமல் எண் ஆடும். முளையைச் சுற்றிக் கையகலக் குழி பறித்து உப்புத் தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு அளக்க வேண்டும். இரும்பு வேலிக்கு இணையாகக் கம்பி ஓடினால் மின்தடை பொய்யாகக் குறையும். வேலிக்குக் குறுக்காகத் திருப்புங்கள். மையத்திலிருந்து இருபுறமும் 100 மீட்டர் கம்பி இழுக்க, நேரான 200 மீட்டர் இடம் வேண்டும். முன்னாளே போனில் கேட்டு இடம் உறுதி செய்யாமல் வண்டி எடுக்காதீர்கள்.

பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் இன்னொரு ஆபத்து உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பு ஏறிய நீரும் மின்தடையைக் குறைத்துக் காட்டும். சார்னோக்கைட் என்னும் கடினப் பாறையில் வெடிப்பு இருக்கிறது, ஊற்று இருக்கிறது என்று நாம் மகிழ்ந்த இடத்தில் உப்பு நீர் வரும். பழி நம் தலையில் விழும். பக்கத்துக் கிணறு இரண்டில் முதலில் நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து, அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இதைத் தரமாட்டார். நம் கட்டணத்துக்கு நியாயம் இந்தப் பக்கம்தான்.

எனவே செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. ஒன்று, பாயிண்டுக்குக் குறைந்தபட்சம் 3,600 ரூபாய். மூன்று பாயிண்டுக்கு 10,800, மிச்சம் 4,840, மாதம் 40,333. உதவி நிலவியலாளருக்கு அகவிலைப்படியோடு தொடக்கத்தில் வரும் 58,435-க்கு இதுவும் கீழேதான். இரண்டு, மூன்று பாயிண்டுக்குக் குறைவாக அழைத்தாலும் ஒரு நாளைக்கு மூன்று பாயிண்டுக் கட்டணமே. இரண்டு பாயிண்டுக்கு மட்டும் வாங்கினால் மிச்சம் 1,240 ரூபாய். மூன்றாவது, களச்செலவு முன்பணம், மீதிக் கட்டணம் அறிக்கை கொடுக்கும்போது. நம் தவறு இல்லாத மறுபயணத்துக்குக் களச்செலவை வாடிக்கையாளரே தர வேண்டும்.

கட்டணம் பற்றி ஆட்சேபணை உள்ளவர்கள் தங்கள் ஒருநாள் செலவுத் தாளை எழுதி எடுத்து வரவும். தாளைப் பார்த்தே வாக்கெடுப்பு நடத்தலாம்.

செயலாளர்