மண்ணுக்குள் ஓர் அடுப்பு

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நியூசிலாந்தில் அத்தை வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, குளிர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால் 'ம், ம்' என்று கேட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடிவிடுவாய். இது சமையல் விஷயம், உனக்கு முழுசாகச் சொல்ல வேண்டும்.

மாமாவோடு வேலை பார்க்கும் மாவோரிக்காரர் ஒருவர் (மாவோரி என்றால் இந்த நாட்டின் பூர்வகுடிகள்), ரோட்டோருவா பக்கம் தங்கள் மராயேயில் விருந்து என்று அழைத்திருந்தார். மராயே என்றால் அவர்கள் குலத்துக்குப் பொதுவான இடம். நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான். ஊர் நெருங்கும்போதே அழுகிய முட்டை நாற்றம். பூமிக்கடியிலிருந்து வரும் கந்தகமாம். பக்கத்தில் ஃபகரேவரேவா என்ற கிராமத்தில் தரையிலிருந்து வரும் ஆவியின் மேல் பெட்டியை வைத்தே சமைத்துவிடுகிறார்கள், கேஸ் செலவே கிடையாது! நாங்கள் போனது ஹாங்கிக்கு, அதாவது குழி வெட்டி மண்ணுக்குள் வேகவைக்கிற சமையலுக்கு.

காலையில் போய் இறங்கியபோதே நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. விறகுக்கு மேலே எரிமலைக் கற்கள். கண்ட கல்லையும் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் சூடேறி வெடித்துவிடுமாம். இரண்டு துண்டு பழைய தண்டவாள இரும்பும் கிடந்தது. கல் நன்றாகப் பழுத்ததும் கொள்ளிகளை வாரி வெளியே போட்டார்கள், இல்லையென்றால் புகை நாற்றம் ஏறிவிடும். அப்புறம் கம்பிக் கூடைகள். அடியில் இறைச்சி, மேலே உருளைக்கிழங்கு, பூசணி, முட்டைக்கோஸ், கூமரா என்கிற கிழங்கு. ஈரத்துணி, அதன்மேல் நனைத்த சாக்கு, கடைசியில் மண். எந்த இடத்தில் ஆவி கசிகிறதோ அங்கே ஒரு மண்வெட்டி மண். அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நானாக இருந்தால் பத்துத் தடவை எட்டிப் பார்த்திருப்பேன்.

குழியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். பேரன் எடுத்த கிழவர் ஒருவர் கல்லின் நிறத்தைப் பார்த்தே 'போதும்' என்றார், இளவட்டங்கள் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். நீ கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்றபோது நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. உனக்கும் மறந்திருக்காது.

நடுவில் ஒரு கூத்து. கால் வலிக்கிறதே என்று ஒரு மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே வந்து ஒரு நாற்காலியைக் காட்டினார். சாப்பாடு வைக்கிற இடத்தில் உட்காரக் கூடாதாம். உன் ஆச்சி உரலில் உட்கார்ந்தால் வைவாளே, அது மாதிரி!

மண்ணை விலக்கித் துணியை எடுத்ததும் ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. வேண்டுதல் முடிந்தபிறகுதான் தட்டு. அவர்கள் மொழியில் சாப்பாட்டுக்குப் பெயர் 'காய்', தெரியுமா? முதலில் விருந்தாளிகளுக்குத்தான் கொடுத்தார்கள். ஆட்டுக்கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. மசாலா வாடையே இல்லை. உப்பு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம் என்பது என் கட்சி. அத்தை பையில் ஊறுகாய் வைத்திருந்தாள், எடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். கூமரா வேறொன்றும் இல்லை, நம் சீனிக்கிழங்குதான். ஆனால் மண்வாசமும் லேசான புகையும் சேர்ந்து ஒரு ருசி. மூன்று தடவை வாங்கினேன்.

அடுத்த வாரம் வெலிங்டன் போகிறோம். அங்கே டெ பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி ஒன்று இருக்கிறது. முகைதீன் பக்சு என்பவருடைய கப்பல் மணி என்று அதில் எழுதியிருக்கிறதாம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி அதைப் பார்த்தபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். காட்சிக்கு வைத்திருந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பொங்கலுக்கு இப்போதே லீவு சொல்லி வை. கிணற்றடிக்குத் தெற்கே இடம் சும்மாதான் கிடக்கிறது. குழியை நான் வெட்டுகிறேன், எந்தக் கல் வெடிக்காது என்று நீ விசாரித்து வை. சீனிக்கிழங்கும் ஆட்டுக்கறியும் என் செலவு. உப்பு மட்டும் நீ போடு.

அன்புடன்,
அப்பா