எழுப்பினாலும் எழாத தூக்கம்

பென்னாகரம்

அன்புள்ள மாதேஷ்,

உன் மகளுக்கு ஓசூரிலேயே கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய நிம்மதி. சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். உன் அம்மாவை நினைத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்று காலையில் அவர் எழவில்லை. உலுக்கினால் கண் திறந்து "ம்" என்பார், மறுபடி தூங்கிவிடுவார். வாய் கோணவில்லை, கை கால் அசைந்தன. அதனால் பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று பார்த்தால் சரியாகவே இருந்தது. முந்தின நாள் வெயிலில் நின்றதால் இருக்கும் என்றார்கள். மாத்திரை ஏதும் விழுங்கினாரா என்றுகூட ஒருவர் கேட்டார், சித்தி உடைந்துபோனார். முதலில் போன இடத்தில் சி.டி. எடுத்து, மூளையில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

தருமபுரியில் பார்த்த இளம் டாக்டர்தான் அவரைத் தட்டி எழுப்பி, தன் விரலை நகர்த்தி, அதைக் கண்ணால் பின்தொடரச் சொன்னார். கண்கள் இடமும் வலமும் போயின, மேலே கீழே போகவில்லை. உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார். தலாமஸ் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தது.

நம்மை விழித்திருக்க வைப்பதில் மூளையின் நடுவே உள்ள இந்தத் தலாமஸுக்குப் பெரிய பங்கு உண்டு. பொதுவாக இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிச் சிறு ரத்தக்குழாய்கள் போகும். சிலருக்கு மட்டும் ஒரே குழாய் கிளைத்து இரண்டுக்கும் போகிறது. ஒரே மடையை நம்பிய இரண்டு வயல் மாதிரி, அது அடைத்தால் இரண்டும் காயும். 1970களில் இதை விவரித்த பெர்செரான் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் பெர்செரான் தமனி என்கிறார்கள். இங்கே அடைப்பு வருவது அபூர்வம். வந்தாலும் ஆரம்ப மணி நேரங்களில் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது. டிஃப்யூஷன் என்ற வகை எம்.ஆர்.ஐ.யில்தான் தெளிவாகத் தெரியும்.

இதே மாதிரி மயக்கம், மூளைத்தண்டுக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனி அடைத்தாலும் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஆனால் நேரத்தோடு போனால் குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை எடுக்க வழி இருக்கிறது. அதனால் ரத்தக்குழாய்களையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாதத்துக்கு அறிகுறி என்று முகம், கை, பேச்சு மூன்றையும் மட்டும் சொல்லிக்கொடுப்பது போதாது மாதேஷ். காரணம் தெரியாமல் ஒருவர் எழவே மாட்டேன் என்றால் அதுவும் பக்கவாதமாக இருக்கலாம் என்று ஊருக்கு ஊர் சொல்ல வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. சித்தப்பாவுக்கு அது தாண்டிவிட்டது.

இப்போது விழித்துவிட்டார், நடக்கிறார். ஆனால் காலையில் களி சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுகிறார். சித்தி சலிக்காமல் ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறார்.

உன் அம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்றாயே. இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டியாலும் இந்த அடைப்பு வரும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதே. அப்படி ஏதாவது ஆனால், கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடு. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
சின்னசாமி