அட்டவணையை நம்பி நோர்வேக்கு வெளிக்கிடாதே, தம்பி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியாபாரம் செய்கிற நாடுகள், ஆள்வீத வருமானம், மேலே சுவிசும் நோர்வேயும் ஐஸ்லாந்தும், நடுவில் துருக்கி, கீழே எங்கேயோ இலங்கை, நாங்கள். "ஒன்றியத்தோட ஒட்டினவன் பிழைச்சிட்டான் அம்மா" என்று எழுதிவிட்டு, நோர்வேக்கு மாறலாமா என்றும் கேட்கிறாய். வர்த்தகம் படிப்பித்து ஓய்வுபெற்றவளிடம் இப்படி எழுதினால் விடுவேனா?

நோர்வேச் சனம் 1972இலும் 1994இலும் வாக்குப் போட்டு ஒன்றியமே வேண்டாம் என்றது. நீ இருக்கிற சுவிஸ் 1992இல், உறுப்பினர் ஆகாமலே ஒன்றியத்தின் பொதுச் சந்தைக்குள் சேர விடுகிற ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கும் மாட்டேன் என்று சொல்லி, பிறகு தனித்தனி ஒப்பந்தம் போட்டு வியாபாரம் நடத்துகிறது. துருக்கிதான் 1996இலிருந்து சுங்க ஒன்றியத்துக்குள்ளே நிற்கிறது, அங்கே செய்கிற காரும் பிரிஜ்ஜும் வரியில்லாமல் ஐரோப்பாவுக்குப் போகின்றன, ஆனாலும் 2022 ஒக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 வீதத்தைத் தாண்டியது. எவ்வளவு ஒட்டினான் என்பதை விட, எதை விற்கிறான், வந்த காசு யாருடைய கைக்குப் போகிறது என்று பார். நோர்வே எண்ணெய்க் காசை நிதியமாகப் போட்டுப் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்து வைக்கிறது.

எங்களுக்கும் சலுகை இருக்கிறதுதானே. எங்கட பொருளுக்கு ஒன்றியம் இறக்குமதி வரியைத் தளர்த்துகிற ஜிஎஸ்பி பிளஸ் 2005இல் கிடைத்தது, 2010 ஓகஸ்டில் நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திரும்பத் தந்தார்கள். அது இல்லாத காலம் உடுப்புக்கு 9.6 வீதம் வரை வரி. முன்வீட்டு அக்கா அந்தக் காலம் முழுக்க கார்மென்டில்தான் தைத்தா. சலுகை போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, சம்பளத் துண்டு அப்படியேதான் இருந்தது என்கிறா.

மீன் கதை அப்படியில்லை, அது உடனே சுட்டது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கிற ஒழுங்கு சரியில்லை என்று 2015 ஜனவரியிலிருந்து எங்கட மீனுக்கு ஒன்றியம் தடை போட்டது, 2016 ஜூனில்தான் எடுத்தது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகு வைத்திருக்கிற உன் மாமா, ஏற்றுமதிக்கென்று ஐஸ் போட்டுப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த சூரையைக் கறிமீன் விலைக்குக் கொடுத்துவிட்டு டீசல் கடனோடு வந்து எங்கட விறாந்தையில் இருப்பார். நாங்கள் நல்ல மீன் மலிவாகச் சாப்பிட்டோம். இதை உன் அட்டவணையில் வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

அப்புறம் இன்னொன்று. ஆள்வீத வருமானத்தில் கீழே கிடந்தாலும், வருமானத்தோடு கல்வியையும் ஆயுளையும் சேர்த்துப் பார்க்கிற ஐ.நா.வின் மனித அபிவிருத்திச் சுட்டியில் இலங்கை 'உயர்' என்ற பிரிவில் வருகிறது. இலவசக் கல்வியும் இலவச ஆஸ்பத்திரியும்தான் காரணம், நீயும் அதில் படித்து வளர்ந்த பிள்ளைதான். பெருமைக்குச் சொல்லவில்லை, 2022 பொருளாதார நெருக்கடியில் அதே ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் சீட்டை எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள், மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசையில் நின்றோம். சுட்டியில் அதெல்லாம் இரண்டு புள்ளி ஏறி இறங்குவதாகத்தான் தெரியும்.

உன் பக்கமும் பார். ஐரோப்பாவிலேயே விலைவாசி கூடிய இடங்களில் சுவிசும் ஒன்று. மருத்துவக் காப்புறுதி கட்டாயம், மாதாமாதம் கட்ட வேண்டும், அந்தக் கட்டணத்தைச் சம்பளத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை, வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும் அரசு கொஞ்சம் உதவும். எல்லை தாண்டி ஜேர்மனியின் கொன்ஸ்தான்ஸில் இறைச்சி வாங்குகிறேன் என்று நீதானே சொன்னாய்? பெரிய சம்பளக்காரன் ஏன் ரயிலேறிப் போய் இறைச்சி வாங்குகிறான்? வாங்கும் சக்தியைக் கணக்கில் எடுத்தாலும் சுவிஸ் மேலேதான் நிற்கும், அதை நான் மறுக்கவில்லை, ஆனால் நீ கீறின அளவு இடைவெளி இராது.

சரி, போவதென்றால் போ. முதலில் ஒஸ்லோவில் வாடகை, வரி, சின்னவளைப் பராமரிப்பு நிலையத்தில் விடுகிற காசு எல்லாம் கழித்துக் கையில் என்ன மிஞ்சும் என்று ஒரு கணக்கு எழுதி அனுப்பு. மருமகளின் தாதி வேலைக்கு நோர்வே மொழி எந்த மட்டம் கேட்பார்கள் என்றும் விசாரி, அவ திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டி வந்தால் ஒரு சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் சமாளிப்பீர்கள்?

அம்மா
உவர்மலை, திருகோணமலை