தோட்ட விளையாட்டுக் கழகம்: 2021ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, பெற்றோரே, வணக்கம்.

கொரோனாவால் நமது சித்திரை மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி 2020இலும் நடக்கவில்லை, 2021இலும் நடக்கவில்லை. நடத்துவதா வேண்டாமா என்ற பேச்சிலேயே நிர்வாகக் கூட்டங்களில் பாதி போய்விட்டது. ஆகவே அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

நடத்தச் சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பாடசாலை பூட்டு. ஒன்லைன் வகுப்புக்குச் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஏறினார்கள். மகளிர் கரப்பந்து அணியில் மூன்று பேர் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். மைதானம் திறந்திருந்தால் ஒருவராவது நின்றிருப்பார் என்று அவர்களின் பயிற்றுநர் சொன்னதை மறுக்க என்னால் முடியவில்லை.

2020 கடைசியில் அம்பாந்தோட்டையில் லங்கா பிரீமியர் லீக் நடந்ததைக் காட்டி, “அவங்க ஆடலாம், நாங்க ஆடக் கூடாதா?” என்று தம்பிமார் கேட்டார்கள். அங்கே வீரர்களை ஹோட்டலை விட்டு வெளியே விடாமல், பி.சி.ஆர். எடுத்து, பார்வையாளர் இல்லாமல் ஆட்டம் நடந்தது. நமது மைதானத்துக்கு வேலிகூடக் கிடையாது.

என் கருத்தில், பந்து பிடிப்பதால் வந்த பயம் சின்னது. நமது நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடை வேலை. சித்திரைக்கு அவர்கள் பஸ்ஸில் நெருக்கியடித்து வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா என்ற ஒற்றை அறையில் தாத்தா பாட்டியோடு படுப்பார்கள். வெளி அணிகள் லொறியில் வரும். ஒருவருக்குத் தொற்று என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து, வரிசை வீடுகளான லயத்தையே மூடுவார். அத்தனை குடும்பத்துக்கும் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, இல்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு எவ்வளவு காலம் போராடினோம்! அதை ஒரு கோப்பைக்காக இழக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஏப்ரல் பண்டிகைக்குப் பிறகு நாடு முழுக்கத் தொற்று ஏறி, மே மாதம் பயணத்தடை வந்தபோது வாக்குவாதமும் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 20இல் போட்ட ஊரடங்கு ஒக்டோபர் 1இல் தளர்ந்தது. இருபது வயதைத் தாண்டியவர்களுக்கும் அதற்குள் ஊசி போடத் தொடங்கியிருந்ததால், தோட்டத்தின் இரு பிரிவுகளான மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் தனித்தனியாகக் கரப்பந்துப் பயிற்சி செய்ய அனுமதித்தோம். லொறி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, சாப்பாட்டுப் பார்சல் இல்லை. யாருக்காவது தடிமன் என்றால் அன்று அவர் வீட்டில். சிலர் இதை விளையாட்டே இல்லை என்றார்கள். சரி, ஆனால் பிள்ளைகள் வந்தார்கள்.

இப்போது ஒமிக்ரோன் பரவுகிறது. 2022 சித்திரைக்கு இரண்டு கணக்குகளுக்கும் இடையில் மட்டும் போட்டி வைக்கலாம், வெளி அணிகளைச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் எழுத்து மூல அனுமதி வந்த பிறகே அழைக்கலாம் என்பது நிர்வாகத்தின் பிரேரணை. மகளிர் அணிக்கு முதல் ஆட்டம் தர வேண்டும் என்பதை நான் சேர்த்திருக்கிறேன். இன்று வாக்கெடுப்பு.

வலை கிழிந்துவிட்டது, புதியது வாங்கப் பஜார் கடைக்காரர் ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்